அலச அலசச் சிவந்த தண்ணீர்

வெள்ளை பிளாஸ்டிக் குவளை ஒன்று. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் தங்கை மலர்க்கொடி வீட்டுப் புழக்கடையில், கூரையில்லாத குளியலறைச் சுவரின் மேல் இருந்தது. பங்குனி மாதத்து மத்தியான வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பாதியளவுக்கு அரக்குச் சிவப்பு. முகூர்த்தப் புடவைக்குப் போடுவார்களே, அந்த அரக்கு.

மலரின் வீட்டுக்காரர் வேலு பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டின் பின்பக்கமே பட்டறை. அந்த வீட்டுக் குவளையில் அரக்கு இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். யாரோ சாயத்தை மொண்டு வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, கீழே கொட்டுவதற்காகக் குவளையை எடுக்கப் போனேன்.

"அக்கா, அதத் தொடாத!"

மலர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சில நாள் முன்பு பார்த்தவள்தான். இப்போது கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள். ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அது பட்டறைச் சாயம் இல்லக்கா. என்னுது."

"என்னுதுன்னா?"

"காலைல நான் ஒண்ணுக்குப் போனது. போவசொல்ல வெறும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. வெயில்ல வெச்சேன். இப்ப பாரு."

பார்த்தேன். உச்சி வெயிலில் நின்றுகொண்டு எனக்குக் குளிரெடுத்தது.

"சாயம் உடம்புல ஏறிடுச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லிடாத. அவருக்கே சொல்லல. வெளிய தெரிஞ்சா பட்டறைய இழுத்து மூடிடுவாங்க" என்றாள்.

அவள் வைத்த பரீட்சை

ஏன் வெயிலில் வைத்தாள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

சாயம் போடுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. சில சாயம் அண்டாவுக்குள் இருக்கும்வரை தன் நிறத்தைக் காட்டாது. நூலை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால்தான் எழும்பும். அவுரி நீலம் அப்படி. எங்கள் அப்பாவும் சாயக்காரர்தான். ஒருமுறை அவுரியில் நூலைத் தோய்த்துத் தூக்கிக் காட்டினார். வெளியே வந்தபோது மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்த நூல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறியது. நானும் மலரும் கை தட்டினோம்.

மலர் அதை வைத்துத்தான் தன் உடம்புக்குப் பரீட்சை வைத்தாள். வெளியே வைத்தால் நிறம் எழும்புகிறதா? எழும்பினால் சாயம். எழும்பியது. தீர்ந்தது கதை.

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அதை ரத்தம் என்று நினைத்து அலறியிருப்பாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். சிவப்பைக் கண்டு பயப்படத் தெரியாத வீட்டில் பிறந்து, சிவப்பைக் கண்டு பயப்படத் தெரியாத வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் என்ன செய்வாள்? சாயம் என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் எங்களுக்குத் தொட்டில் பழக்கம். அலசவேண்டும்.

சாயம் ஏறிய நூலைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருப்பார்கள். முதல் தண்ணீர் குழம்பாக வரும். அப்புறம் வெளுக்கும். கடைசியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரவேண்டும். வராவிட்டால் நூல் ஒட்டாத சாயத்தை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் அலசு. வேகவதி ஆற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் அங்கே அலசியதாக அப்பா சொல்வார். எங்கள் காலத்தில் தொட்டிதான்.

மலர் தன்னை அலச ஆரம்பித்திருந்தாள். வயிற்றுவலி தொடங்கி, வெயிலில் வைத்த முதல் குவளை சிவந்த நாளிலிருந்து சோறு இல்லை. வெறும் தண்ணீர். காலையில் அறுகம்புல் சாறு. வயிற்றில் வேறு எதுவும் விழக்கூடாது, விழுந்தால் சாயம் அதில் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

"அலசிக்கினே இருந்தா வெளுத்துடும்னு நெனச்சேன். நாளுக்கு நாள் ஏறிக்கினே போவுதுக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். எழுப்பப் போனேன். என் விரலைப் பிடிக்க வந்த அவள் கை நழுவிக்கொண்டே இருந்தது.

பாடம் எடுக்கிற வாய்

இந்தத் தொடரை இன்றுதான் பிரித்தவர்களுக்காக: நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊருக்கே தெரியும், இங்கே எழுதமாட்டேன்.

வளர்மாற்றம் என்று ஒரு பாடம் உண்டு. சாதாரணமான சின்னச் சின்னப் பொருள்களை எடுத்து, உயிரணு தனக்கு வேண்டிய பெரிய பெரிய பொருள்களைக் கட்டிக்கொள்ளும் சங்கதி. வெளியிலிருந்து யாரும் தோலைச் செய்து கொடுப்பதில்லை, ரத்தத்தைச் செய்து கொடுப்பதில்லை. தின்றதைப் பிரித்துப் போட்டு, அந்தத் துண்டுகளிலிருந்து உடம்பே எல்லாவற்றையும் செய்கிறது.

மலருக்கு இப்படி ஆன வருடம், வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "டீச்சர், சோத்துல செவப்பே இல்லியே. அப்ப ரத்தத்துக்கு செவப்பு எங்கேர்ந்து வருது?"

நான் குஷியாகிவிட்டேன். கரும்பலகை கொள்ளாமல் வரைந்து தள்ளினேன். மணி அடித்தும் விடவில்லை. எனக்கே புல்லரித்துப் போயிற்று.

அந்தப் பாடம், மலர் வீட்டுக் குவளையைப் பார்த்தபோது என் மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் சாயக்காரர் மகள்தானே? "ஐயோ, சாயம் ஏறிவிட்டதே" என்றுதான் நினைத்தேன். பயம் வந்தால் படித்ததெல்லாம் பின்வாசல் வழியாக ஓடிவிடுகிறது.

ஆனால் ஒன்று செய்தேன். யார்கிட்டயும் சொல்லாதே என்றவளிடம் "வாய மூடுடி" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்குள் போய் வேலுவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பூங்காவனம் அத்தை

காஞ்சிபுரத்திலேயே முதலில் காட்டினோம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. குடல்வாலாக இருக்கலாம், திறந்து பார்த்தால் தெரியும் என்றார்கள். அதற்குள் மலருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. பேச்சு குழறியது. சுவரில் எறும்பு ஊர்கிறது, அதுவும் அரக்கு எறும்பு என்றாள். காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. சென்னைக்குக் கொண்டு போங்கள் என்று அவர்களே வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

வண்டி கிளம்பியபோது தேரடித் தெருவில் உற்சவக் கூட்டம். மேளச் சத்தம் கேட்டதும் மலர் வீறிட்டாள். வேலு அவள் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போது பூங்காவனம் அத்தையின் ஞாபகம் வந்தது. வேண்டாத நேரத்தில் வேண்டாத ஞாபகம்.

பூங்காவனம் அத்தை அப்பாவின் தங்கை. நான் பார்த்ததில்லை. ஓரிக்கையில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் தாங்கமுடியாத வயிற்றுவலி. பிதற்றல். அப்புறம் கால் விழுந்துவிட்டது. யாரோ சாப்பாட்டில் வசிய மருந்து வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். வைத்த மருந்து வெளியே வரும்வரை வயிற்றைக் காயப்போடவேண்டும் என்று அவர் சொன்னாராம். காயப்போட்டார்கள். அத்தை பிழைக்கவில்லை.

அப்பா இதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "பசிக்குதுண்ணான்னு கேட்டா. குடுக்க வுடல" என்றார். எழுந்து போய்விட்டார்.

வண்டியில் மலரின் தலை என் மடியில் இருந்தது. அத்தை கதை எனக்குள் ஓடிக்கொண்டே வந்தது. வயிற்றுவலி, பிதற்றல், கால். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் நான் மனதுக்குள் என் தங்கைக்குக் காரியமே செய்து முடித்துவிட்டேன். அவ்வளவு பயம்.

ஜன்னலோரத்துக் குழாய்

சென்னை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மா சின்ன வயசு. அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதை முழுக்கக் கேட்டார். குவளையை வெயிலில் வைத்த கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெயில்ல வெச்சதும் நிறம் மாறிச்சா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

சிவந்து நின்றதைப் பார்த்தேன், மஞ்சளாக இருந்ததை மலர்தான் பார்த்தாள் என்றேன். உடனே மலரின் சிறுநீரை இரண்டு கண்ணாடிக் குழாயில் பிடித்தார்கள். ஒன்று ஆய்வுக்கூடத்துக்குப் போனது. இன்னொன்றை டாக்டரம்மா தன் அறை ஜன்னலோரத்தில் வைத்தார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். வெளிர் மஞ்சள் மெல்ல மெல்லப் பழுப்பானது. பிறகு சிவப்பு. அன்றைக்கு எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை.

ஆய்வுக்கூடமும் டாக்டரம்மா சந்தேகப்பட்டதையே சொன்னது.

"உங்க தங்கச்சி உடம்புக்குள்ள சாயம் எதுவும் போகலம்மா. உடம்பே செய்யுது" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீம் என்கிற பொருள். அதை எலும்பு மஜ்ஜையும் கல்லீரலும் தாமாகவே செய்துகொள்கின்றன. கிளைசின் என்று ஒரு துக்குணி அமிலம், உணவை எரிக்கும்போது கிடைக்கிற இன்னொரு துக்குணி. இரண்டையும் ஒட்டி, ஒட்டியதை இன்னொன்றோடு சேர்த்து, வளைத்து வளையமாக்கி, நடுவில் ஓர் இரும்பை வைத்தால் ஹீம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி. ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கிக்கொள்ளும்.

மலருக்கு அந்த வரிசையில் ஒரு நொதி பாதிதான் வேலை செய்கிறது. பிறவியிலேயே அப்படி. பட்டறையில் அலசுகிறவர் கை மட்டும் மெதுவாக இருந்தால் என்ன ஆகும்? சாயம் போடுகிறவர் நிதானமாகப் போட்டால் சமாளிக்கலாம். அவர் அவசரப்பட்டால் நூல் குவிந்துவிடும். பட்டினி கிடந்தால் கல்லீரல் அவசரப்படுகிறது. முதல் வேலையை முடுக்கிவிடுகிறது. பாதியில் நிற்கிற பொருள் குவிந்து, ரத்தத்தில் வழிந்து, நரம்பைத் தாக்குகிறது. வலி, பிதற்றல், கைகால் விழுவது எல்லாம் அதனால்தான். மிச்சம் சிறுநீரில் போகிறது. போகும்போது நிறமில்லை. வெளிச்சம் பட்டால் சிவக்கிறது.

சோறும் சர்க்கரையும் உள்ளே போனால் கல்லீரலின் அவசரம் அடங்கும். இதற்கென்று இருக்கிற ஊசி மருந்தை வெளியே சொல்லி வரவழைக்க வேண்டும். அதுவரை சர்க்கரைத் தண்ணீரும் சாப்பாடும்தான் மருந்து.

அதாவது, என் தங்கை தன்னை அலசிக்கொண்ட ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே கொள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார். மெதுவாக அத்தை கதையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்பா வழியாக வந்திருக்கலாம் என்றார். கூடப் பிறந்தவர்களுக்கும், பெற்ற பிள்ளைகளுக்கும் இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு, இருந்தாலும் நிறையப் பேருக்கு ஆயுசு முழுக்க எதுவும் செய்யாது, பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது என்றார்.

என் கை தானாகவே என் வயிற்றுக்குப் போனது.

"சாயம்தான்"

சர்க்கரைத் தண்ணீர் ஏறியதும் பிதற்றல் நின்றது. மலருக்கு நினைவு தெளிந்தது. அப்பா வழியாக வந்தது என்பதுவரை எல்லாவற்றையும் அவளிடம் பொறுமையாக விளக்கினேன். கரும்பலகை ஒன்றுதான் பாக்கி. அவள் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாயம்தான்க்கா."

"டாக்டரம்மா இன்னா பைத்தியமா? டெஸ்ட்ல தெளிவா வந்துருக்குதுடி!"

"சாயம்தான். எனக்கு சாப்பாடு வேணாம். இந்தத் தண்ணி ஏறுது இல்ல, அதுவே அலசிடும்."

இட்லியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கினாள். கஞ்சியைத் துப்பினாள். ஏறுகிற சர்க்கரைத் தண்ணீர் மட்டும் போதாது, வாய் வழியாகவும் போகவேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் குழாய் விடவேண்டியிருக்கும் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். வலி மறுபடி கூடியது. மூச்சு விடுகிற தசைக்கும் பலவீனம் வந்துவிட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா வேலுவைத் தனியே அழைத்துச் சொன்னார். வேலு வந்து என்னிடம் சொன்னார்.

நான் என் சுபாவத்தைக் காட்டினேன். கத்தினேன். "சாவப்போறியாடி? பூங்காவனம் அத்தைய மாரி போய்ச் சேரப்போறியா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மலர் என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக்கூட அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

"சாயமா இருந்தா என்னோட போயிடும்க்கா" என்றாள். "நீ சொல்றாப்ல ரத்தத்துல வந்ததுன்னா, யாழினிக்கு?"

யாழினி அவள் மகள். ஒரே பிள்ளை. எட்டாவது படிக்கிறாள். சரிபாதி வாய்ப்பு என்று எந்த வாயால் சொல்வது? டாக்டர் சொன்னது புரியாமல் அவள் அடம்பிடிக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. சாப்பிட்டுக் குணமாகிவிட்டால் டாக்டர் சொன்னது மெய்யாகிவிடும். அதற்குப் பயந்துகொண்டு, சாகிறவரை சாயம் என்றே சொல்லிக்கொண்டிருக்க அவள் தயாராக இருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன். கால் கனத்துக் கிடந்தது.

மறுநாள்

ராத்திரி ஊருக்குப் போயிருந்த வேலு மறுநாள் மத்தியானம் யாழினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை கட்டிலருகே வந்ததும் அம்மாவின் கையைத் தொட்டாள். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி கண்ணு ஆச்சு?"

"தல சுத்துது பெரிம்மா. வேற ஒண்ணுமில்ல."

வேலு தலையில் கையை வைத்துக்கொண்டார். "நேத்து காலைலேர்ந்து பச்சத் தண்ணியத் தவர எதையும் வாயில வெக்கலக்கா. அம்மன்கிட்ட வேண்டிக்கிச்சாம். அம்மா சாப்ட்டாதான் இதுவும் சாப்புடுமாம். கெஞ்சியும் பாத்துட்டேன், அதட்டியும் பாத்துட்டேன்."

நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, மலரைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சாயம்தான் என்று நம்புகிறவளாக இருந்தால், வளர்ந்த பிள்ளை ஒருநாள் சாப்பிடாமல் இருந்ததற்கு இப்படி நடுங்கவேண்டாம்.

"ஐயோ, அதுக்கு மொதல்ல எதனா குடுங்களேன்!" என்று கத்தினாள். அத்தனை நாளாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த குரல் எங்கிருந்து வந்ததோ. "பட்டினி கெடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல! அதுக்கும் இருந்துச்சுன்னா இன்னா பண்ணுவேன்? அக்கா, குடுக்கா!"

மலருக்கென்று வாங்கி வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். சர்க்கரைப் பொங்கல். யாழினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ சாப்புடும்மா. அப்பதான் நானு."

"அடம் புடிக்காதடி, சொன்னாக் கேளுடி!"

"வேண்டிக்கினேன்மா. மாத்தக் கூடாது."

மலர் என்னிடம், தூக்கி உட்கார வை என்றாள். வேலுவும் நானுமாக முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினோம். நான் பொங்கலை எடுத்து ஊட்டப் போனேன். தலையை ஆட்டினாள். தன் கையாலேயே சாப்பிட்டால்தான் பிள்ளை நம்பும் என்றாள். டப்பாவை அவள் மடியில் வைத்தேன். விரல் மடங்கவில்லை. பொங்கல் இரண்டு தடவை புடவையில் விழுந்தது. கடைசியில் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். விழுங்கும்போது முகத்தைச் சுளித்தாள். ஓங்கரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"பாத்தியா? சாப்ட்டேன். இப்ப நீ."

யாழினி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மலர் அந்தப் பிள்ளையின் தொண்டையையே பார்த்தாள். இறங்கியதும் தான் அடுத்த வாயை எடுத்தாள். இருவர் கண்ணிலும் தண்ணீர். ஒருவரையொருவர் மிரண்டு பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் அதுவரை யாரும் அப்படிப் பயந்துகொண்டு பொங்கல் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் டாக்டரம்மா உள்ளே வந்தார். மலர் மடியில் டப்பாவைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு யாழினியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமாம்மா?" என்று கேட்டார்.

மலர் கையில் எடுத்த பொங்கலை டப்பாவிலேயே வைத்தாள்.

"எடுங்கம்மா" என்றாள். "மொதல்ல அது சாப்ட்டு முடிக்கட்டும்."